புற்றுநோய் இல்லையென்றால் எதற்கு ‘கரண்ட்’ வைக்க வேண்டும்?

மேற்கு மாவட்டம் ஒன்றில் தையல் கடை நடத்தும் 33 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

நான்கைந்து வருடமாக அவருக்குச் செருப்பு அளவு கூடிக்கொண்டே போயிருக்கிறது. மெட்டி இறுகி, நகை ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்திருக்கிறார். ‘குழந்தை பிறந்த உடம்பு, பூசினாற்போல் ஆகிவிட்டது’ என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் துணி வெட்ட உட்கார்ந்தபோது, பத்து வருடமாகக் கையில் இருந்த கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. அன்றுதான் பயந்ததாக எழுதுகிறார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தன. கடைசியில் ஒரு பல் டாக்டர், தாடை முன்னால் தள்ளியிருப்பதையும் பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்திருப்பதையும் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். எம்ஆர்ஐயில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 24 மி.மீ. கட்டி. வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் அக்ரோமெகலி நோய்.

பத்து மாதத்துக்கு முன் மூக்கு வழியாக அறுவை செய்தார்கள். கட்டி புற்றுநோய் அல்ல என்று பயாப்சி சொல்லிவிட்டது. ஆனால் வலது பக்கம், மூளைக்குப் போகும் கரோடிட் ரத்தக்குழாயை ஒட்டி 9 மி.மீ. மிச்சம் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் தூண்டி ஈரல் சுரக்கும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளின் அளவு அறுவைக்கு முன் 840, பிறகு 460. வளர்ச்சி ஹார்மோனை அடக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசி மாதம் ஒன்று, 20 மி.கி., ஆறு மாதம் போட்டும் 380-இல் நிற்கிறது. அவர் வயதுக்கு 270-க்குள் இருக்க வேண்டும் என்று லேப் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கிறது. இப்போது கதிர்வீச்சு, அதாவது ஊர் வழக்கில் ‘கரண்ட்’, கொடுக்கலாம் என்கிறார்கள்.

அவருடைய கேள்விகள்: புற்றுநோய் இல்லாத கட்டிக்கு எதற்குக் கரண்ட்? தைராய்டுக்கு மருந்து குடித்த அத்தையைத் தனி அறையில் வைத்ததுபோல என்னையும் வைப்பார்களா? என் ஏழு வயது மகள் பக்கத்தில் வரலாமா? கண் போய்விடுமா? இரண்டாவது குழந்தை பெற முடியுமா? கரண்ட் வைத்துவிட்டால் ஊசியை நிறுத்திவிடலாமா? புரோட்டான் என்ற வேறு வகைக் கதிர்தான் நல்லது என்கிறார்களே? ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்று: ‘என் கை பழையபடி ஆகுமா டாக்டர்?’

அன்புச் சகோதரி,

நான் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவன். பிட்யூட்டரி கட்டிக்குக் கதிர்வீச்சு முதல் சிகிச்சை அல்ல என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். அக்ரோமெகலியில் முதலில் அறுவை, அடுத்து மருந்து, இரண்டும் போதாதபோதுதான் நாங்கள். உங்களுக்கு இதுவரை அந்த வரிசையில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. உங்கள் மருத்துவர்கள் அவசரப்பட்டு உங்களை எங்கள் பக்கம் தள்ளவில்லை.

‘கரண்ட்’ என்பது என்ன

கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் சொல்கிறோமே தவிர, இதில் மின்சாரம் உடம்பில் பாய்வதே இல்லை. எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு வலுவான கதிர், கட்டி இருக்கும் இடத்தில் குவிகிறது. செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ சிதைகிறது. அந்தச் செல் உடனே செத்துவிடாது. அடுத்த முறை இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் அதனால் முடியாமல் போகும். புற்றுநோய்ச் செல்லானாலும் சாதாரணக் கட்டிச் செல்லானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். அதனால்தான் புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்கும் கதிர்வீச்சு கொடுக்கிறோம். இது புதிதும் அல்ல. 1909-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பாவில் அக்ரோமெகலிக்கு எக்ஸ்ரே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் அக்ரோமெகலி நோயாளிக்கு அறுவை செய்ததும் அதே ஆண்டுதான்.

‘ஒன்பது மில்லிமீட்டர்தானே, அப்படியே விட்டுவிட்டால் என்ன’ என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஹார்மோன் எதுவும் சுரக்காத கட்டியின் மிச்சமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். வருடத்துக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வளர்ந்தால் யோசிக்கலாம். உங்களுடையது அப்படியில்லை. அந்த ஒன்பது மில்லிமீட்டர் ராத்திரி பகலாக வளர்ச்சி ஹார்மோனை ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஈரல் அதை வாங்கி ஐஜிஎஃப்-1 செய்கிறது. அது வருடக்கணக்கில் உயரத்திலேயே இருந்தால் இதயச் சுவர் தடிக்கும், சர்க்கரை அடங்காது, மூட்டு தேயும், தூக்கத்தில் மூச்சு தடைப்படும், பெருங்குடலில் பாலிப் எனும் சதை வளர்ச்சி வரும் வாய்ப்பும் கூடும். கட்டுப்படாத அக்ரோமெகலி ஆயுளைக் குறைக்கும், ஐஜிஎஃப்-1 சரியான அளவுக்கு வந்துவிட்டால் ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே இருக்கும் என்பது நன்றாக ஆராய்ந்து உறுதியான விஷயம். ஆகவே கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட 380 என்ற அந்த எண்தான் என் கவலை.

மறுபடி அறுவை செய்து எடுத்துவிடலாமே என்கிறார் உங்கள் தம்பி. மிச்சம் இருக்கும் இடத்துக்குக் கேவர்னஸ் சைனஸ் என்று பெயர். கரோடிட் ரத்தக்குழாயும், கண்ணை அசைக்கும் மூன்று நரம்புகளும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. முதல் தடவை உங்கள் அறுவை மருத்துவர் அங்கே கை வைக்காமல் விட்டது கவனத்தால்தான். திரும்பப் போனாலும் முழுவதையும் எடுப்பது கடினம்.

உங்கள் அத்தைக்கு நடந்தது வேறு

கடிதத்தில் அதிகமாகத் தெரிந்த பயம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். அத்தைக்கு இருந்தது தைராய்டு புற்றுநோய். அவர் குடித்தது ரேடியோ அயோடின். தைராய்டு செல்லுக்கு அயோடின் என்றால் பசி. ரத்தத்தில் வரும் அயோடினை எல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பசியையே பயன்படுத்தி, கதிர் வீசும் அயோடின்-131-ஐக் குடிக்கக் கொடுத்தால் மருந்து தானாகவே போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். 1941-இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு அதிகமாகச் சுரந்த ஒரு நோயாளிக்கு முதன்முதலாக ரேடியோ அயோடினைச் சிகிச்சையாகக் கொடுத்தார். மருத்துவத்தில் இதுபோல் அழகான யோசனைகள் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

அங்கே கதிர்வீசும் பொருள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. சிறுநீரிலும் வியர்வையிலும் எச்சிலிலும் வெளியே வரும். எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால்தான் அத்தையைச் சில நாள் தனி அறையில் வைத்தார்கள், குழந்தைகளைத் தூக்க வேண்டாம் என்றார்கள், அவர் வயதில் சின்னவராக இருந்திருந்தால் ஆறு மாதமாவது கர்ப்பம் வேண்டாம் என்றும் சொல்லியிருப்பார்கள்.

பிட்யூட்டரிக்கு அந்தப் பசி கிடையாது. அயோடின் கொடுத்தால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் உங்களுக்குக் கதிர் வெளியே ஒரு மெஷினிலிருந்து வரும். மெஷின் நின்ற நொடியே எல்லாம் முடிந்தது. விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்காது, இல்லையா? அப்படித்தான் இதுவும். சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் உங்கள் மகளை மடியில் உட்காரவைத்துக்கொள்ளலாம். அன்று ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துத் தூங்கலாம். தனித் தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம்.

இதை ஒட்டி இன்னொரு விஷயம். ‘ஹார்மோன் கட்டிக்குக் கதிர்வீச்சு’ என்று தேடி, கிடைத்ததை எல்லாம் படித்துக் குழம்பிவிட்டேன் என்கிறீர்கள். குழப்பம் வரத்தான் செய்யும், ஏனென்றால் ஒவ்வொரு சுரப்பிக்கும் கதை வேறு. தைராய்டுக்குள்ளேயே மெடுல்லரி என்ற வகை வேறு செல்லிலிருந்து வருவதால் ரேடியோ அயோடினை எடுத்துக்கொள்ளாது. பாராதைராய்டில் கதிர்வீச்சுக்கு அநேகமாக வேலையே இல்லை. அட்ரினல் புற்றுநோய்க்கு அறுவைதான் பிரதானம், கதிர்வீச்சு சிலருக்குத் துணை. அட்ரினலில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி பரவிவிட்டால் கதிர்வீசும் லுட்டீசியம், எம்ஐபிஜி போன்ற மருந்துகளை ரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள். இன்னொருவருடைய அனுபவத்தைப் படிக்கும்போது எந்தச் சுரப்பி, எந்த வகைக் கதிர் என்று முதலில் பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஒரே நாளா, ஆறு வாரமா

வெளியிலிருந்து கொடுப்பதில் இரண்டு வழி. ஒன்று, முழு அளவையும் ஒரே நாளில் மிகத் துல்லியமாகக் கொடுப்பது. இதற்கு ரேடியோ சர்ஜரி என்ற பெயரை 1951-இல் கொடுத்தவர் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். பெயரில் சர்ஜரி இருந்தாலும் கத்தி இல்லை. அவர் 1960-களின் கடைசியில் உருவாக்கிய காமா நைஃப் கருவியின் இன்றைய வடிவத்தில் 192 கோபால்ட் கதிர்கள் 192 திசையிலிருந்து ஒரு புள்ளியில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு கதிரும் தனியே பலவீனம், சேரும் இடத்தில் மட்டும் பலம். லீனியர் ஆக்சிலரேட்டர், சைபர் நைஃப் போன்ற மெஷின்களிலும் இதைச் செய்யலாம். மெஷினின் பெயரைவிட, பிட்யூட்டரி கட்டிகளுக்கு அடிக்கடி செய்து பழகிய குழுவா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி, அதே வேலையைச் சிறுகச் சிறுகச் செய்வது. திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் ஒரு சின்ன அளவாக, 25 முதல் 30 தடவை. மொத்தம் 45-லிருந்து 54 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு). ஐந்தாறு வாரம் ஆகும். முதல் நாள், வெந்நீரில் மென்மையாக்கிய வலை போன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டை ஈரத்துணி போடுவதுபோல முகத்தில் படியவைப்பார்கள். சில நிமிடத்தில் உங்கள் மூக்கு, தாடை, நெற்றியின் வடிவத்திலேயே அது இறுகிவிடும். தினமும் அதைப் போட்டு மேசையோடு பொருத்தினால் தலை அசையாது. மூச்சு தாராளமாக விடலாம். இறுக்கமான இடம் பிடிக்காதவர் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கண் பகுதியை வெட்டித் திறந்துவிடும் வசதி பல இடங்களில் உண்டு.

எது யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கண் நரம்புதான். இரண்டு கண்ணின் நரம்பும் சந்திக்கும் இடம் பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கிறது. ஹார்மோன் சுரக்கும் கட்டியை அடக்க ஒரே நாளில் 20 முதல் 25 கிரே வேண்டும். கண் நரம்புக்கோ ஒரே தடவையில் 8, மிஞ்சினால் 10 கிரேதான் போகலாம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே கதிர் இறங்குவதற்கு இடம் வேண்டும். கட்டிக்கும் நரம்புக்கும் இடையில் 3 மி.மீ.யாவது, 5 இருந்தால் நிம்மதி. உங்கள் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இடைவெளி 6 மி.மீ. என்று இருக்கிறது. மிச்சமும் சின்னது, பக்கவாட்டில் ஒதுங்கியது. ஆகவே ஒரே நாள் சிகிச்சைக்கு நீங்கள் நன்றாகப் பொருந்துகிறீர்கள் என்பது என் கருத்து. ஐந்தாறு வாரம் கடையை மூடிவிட்டு நகரத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டிய அவசியம் வராது. படத்தை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனதில் வையுங்கள். இறுதி அளவை உங்கள் ஊர் மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் கம்ப்யூட்டரில் திட்டம் போட்ட பிறகுதான் சொல்ல முடியும்.

கண் போய்விடுமா என்றீர்கள். மேலே சொன்ன வரம்பை மீறாதபோது பார்வை பாதிக்கப்படுவது நூற்றில் ஒருவர், இருவருக்கு மேல் இல்லை. பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். முடி விஷயத்தில், ஒரே நாள் சிகிச்சையில் பொதுவாகக் கொட்டுவதில்லை. ஆறு வார முறையில் சிலருக்குக் கதிர் நுழையும் இடத்தில் கொஞ்சம் உதிர்ந்து மறுபடி முளைக்கும்.

புரோட்டான் பற்றி: சென்னையில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது. நல்ல தொழில்நுட்பம். குழந்தைகளின் மூளைக் கட்டிகளுக்கு அதன் பயன் பெரிது. 9 மி.மீ. மிச்சமுள்ள 33 வயதுக்காரருக்கு, ரேடியோ சர்ஜரியை விடப் புரோட்டான் மேலானது என்று நிரூபணமாகவில்லை. அதற்காக நகையை அடகு வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம்.

மெதுவாக வரும் நன்மை, மெதுவாக வரும் தீமை

கரண்ட் வைத்த மறுமாதமே ஊசியை நிறுத்திவிடலாம் என்று நீங்களும் உங்கள் கணவரும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இங்கேதான் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. கட்டிச் செல் பிரியும்போதுதான் சாகும் என்றேன். பிட்யூட்டரி கட்டிச் செல் மிக நிதானமாகப் பிரிவது. ஆகவே பலனும் நிதானமாகத்தான் வரும். கட்டி மேலும் வளராமல் நிற்பது நூற்றில் 90-க்கு மேற்பட்டவர்களுக்கு நடக்கிறது. ஆனால் ஐஜிஎஃப்-1 மருந்து இல்லாமலே சரியான அளவுக்கு வருவது, ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ஆறு வார முறையில் இன்னும் தாமதமாகும், பத்து வருடம்கூட ஆகலாம். அதுவரை ஊசி தொடர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மருத்துவர் சொல்லும்போது ஊசியைச் சில மாதம் நிறுத்தி, ரத்தம் பார்த்து, கதிர் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அளப்பார்கள். சில மையங்களில் ரேடியோ சர்ஜரிக்கு முன்பும் ஊசியைச் சில வாரம் நிறுத்தச் சொல்வதுண்டு. இது மருத்துவருக்கு மருத்துவர் மாறும் விஷயம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தீமையும் இதே வேகத்தில்தான் வரும். கட்டிக்குப் பக்கத்திலேயே நல்ல பிட்யூட்டரி இருக்கிறது. அதற்கும் கொஞ்சம் கதிர் படும். ஐந்து, பத்து வருடத்தில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப் பேர் வரை ஏதாவது ஒரு ஹார்மோன் குறைகிறது. தைராய்டை இயக்கும் ஹார்மோன், மாதவிடாய் ஹார்மோன்கள், எல்லாவற்றையும் விட முக்கியமாக, காய்ச்சல் போன்ற நெருக்கடியை உடம்பு தாங்குவதற்கு வேண்டிய கார்டிசாலை இயக்கும் ஹார்மோன்.

என் நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கதிர்வீச்சு முடிந்து ஒன்பது வருடம். முதல் ஐந்து வருடம் ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தார். எல்லாம் நார்மல் என்றதும் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் காய்ச்சல், வாந்தி. ஊரில் ஒரு கிளினிக்கில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது பிரஷர் 80-க்குக் கீழே. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. அவர் மகன் தற்செயலாகப் பழைய ஃபைலைக் கொண்டுவந்திருந்தார். அதில் ‘பிட்யூட்டரி’ என்ற சொல்லைப் பார்த்ததும் ரத்தம் எடுத்துவிட்டு, ரிசல்ட் வரக் காத்திராமல், கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி 100 மி.கி. போட்டோம். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். அந்தப் பழைய ஃபைல் வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே கதிர்வீச்சுக்கு ஒத்துக்கொள்வது என்றால், வருடம் தவறாமல் ரத்தப் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்வதும் அதில் சேர்த்தி. காலை எட்டு மணி வாக்கில் கார்டிசால் பார்க்க வேண்டும். தைராய்டுக்கு டிஎஸ்எச் (தைராய்டை இயக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்) மட்டும் போதாது, ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) கட்டாயம். பிட்யூட்டரி தளர்ந்தவர்களுக்கு டிஎஸ்எச் பெரும்பாலும் நார்மல் என்றே வரும், உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கும். லேப்பில் விற்கும் மலிவுப் பேக்கேஜை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். கார்டிசால், தைராய்டு ஹார்மோன் இரண்டும் குறைவாக இருந்தால் கார்டிசாலுக்கான மாத்திரையைத்தான் முதலில் தொடங்க வேண்டும், தைராய்டு மாத்திரை அதற்குப் பிறகு. மாற்றித் தொடங்கினால் ஆபத்து. கார்டிசால் மாத்திரை எடுக்க நேர்ந்தால், காய்ச்சல் வரும் நாளில் அளவை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும் என்பதையும், வாந்தி நிற்காவிட்டால் உடனே ஊசி வேண்டும் என்பதையும் உங்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இப்போதே ஒரு அட்டையில் ‘பிட்யூட்டரி நோயாளி’ என்று எழுதிப் பர்ஸில் போட்டுவையுங்கள்.

கதிர்வீச்சால் பிற்காலத்தில் வேறு கட்டி வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய ஆறு வார முறையில், 20 வருடத்தில் நூற்றில் ஏறக்குறைய இருவருக்கு மூளையில் வேறொரு கட்டி வந்ததாகக் கணக்கு இருக்கிறது. ரேடியோ சர்ஜரியில் கதிர் படும் பரப்பு சிறியது என்பதால் அந்த ஆபத்து இன்னும் மிகக் குறைவு. உங்கள் வயதில் முன்னால் நீண்ட வாழ்க்கை இருப்பதால் இதையும் தட்டில் வைத்துத்தான் எடை போட வேண்டும். எடை போட்டுப் பார்த்தால், 380-ஐ இப்படியே விடுவதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

இரண்டாவது குழந்தை

கர்ப்பப்பை வெந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தலையில் குவியும் கதிர் கர்ப்பப்பைக்கும் சினைப்பைக்கும் சேதம் செய்யும் அளவில் போய்ச் சேராது. பிரச்சினை வேறு இடத்தில். சினைப்பையை மாதாமாதம் எழுப்பிவிடுவது பிட்யூட்டரி. சில வருடம் கழித்து அது தளர்ந்தால் முட்டை தானாக முதிராது. அப்போதும் வழி உண்டு, ஊசி போட்டு முதிரவைக்கலாம். ஆனால் செலவும் அலைச்சலும் கூடும்.

ஆகவே எந்த வரிசையில் செய்வது என்பதுதான் கேள்வி. மாமியார் கேட்கிறார் என்பதற்காக இல்லாமல், உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் உண்மையாகவே இன்னொரு குழந்தை வேண்டும் என்றால், குழந்தைக்குப் பிறகு ரேடியோ சர்ஜரி என்று வைத்துக்கொள்ளலாம் என்பேன். கட்டி கண் நரம்பை விட்டு விலகி இருப்பதாலும், சின்னதாக இருப்பதாலும் இரண்டு வருடம் தள்ளிப்போடுவதில் பெரிய ஆபத்து தெரியவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. ஐஜிஎஃப்-1 எவ்வளவு குறைவாக இருக்கும்போது கதிர் தொடங்குகிறதோ, அவ்வளவு சீக்கிரம் இலக்கைத் தொடும்.

குழந்தை முதலில் என்றால் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் மாத்திரைப் பட்டியலில் டெல்மிசார்ட்டன் இருக்கிறது. கர்ப்பத்தில் அது கூடவே கூடாது. முயற்சி தொடங்கும் முன்பே வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றச் சொல்லுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஆக்ட்ரியோடைட் ஊசியைப் பொதுவாகக் கருத்தரிக்க முயலும் முன் இரண்டு மாதம் போல நிறுத்துவார்கள். கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடியே வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதால் ஐஜிஎஃப்-1 எண்ணை நம்ப முடியாது; அப்போது பிரஷர், சர்க்கரை, பார்வைப் பரப்பு, தலைவலி இவற்றைத்தான் கவனிப்பார்கள். ஹார்மோன் மருத்துவரான எண்டோகிரைனாலஜிஸ்டும் மகப்பேறு மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் இடமாகப் பிரசவத்துக்குத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கு முன், ஊசியை ஒருமுறை சரிபாருங்கள்

எந்த வரிசையானாலும் அடுத்த மூன்று மாதம் இதைச் செய்து பார்க்கலாம். 20 மி.கி. என்பது ஊசியின் உச்ச அளவு அல்ல. 30-க்கு ஏற்றிப் பார்க்கலாம், கூடவே கேபர்கோலின் மாத்திரை சேர்க்கலாம். 380 போன்ற மிதமான உயர்வில் அந்த மாத்திரை சிலருக்கு நன்றாக உதவுகிறது, விலையும் குறைவு. இன்னொன்று, உங்கள் ஊசியைத் தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மருந்து தூளாக வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்சநேரம் வெளியே வைத்து, கூடவே வரும் திரவத்தில் முழுவதும் கலங்கும்வரை கலக்கி, கலக்கிய உடனே புட்டத்துத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். தூள் பாட்டிலில் ஒட்டிக்கொண்டு நின்றாலோ, கலக்கி வைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனாலோ அந்த மாதத்துப் பணம் குப்பையில்தான். அடுத்த ஊசியை எண்டோகிரைனாலஜி பிரிவு நர்ஸிடம் போட்டுக்கொள்ளுங்கள்.

பணமும் ரெக்கார்டும்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை எடுத்துவிட்டு, ரேடியோ சர்ஜரி, ஆறு வார முறை இரண்டில் எது பட்டியலில் இருக்கிறது என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘ஃபைலைத் தர மாட்டேன் என்கிறார்கள்’ என்றும் எழுதியிருந்தீர்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. தேதி போட்டு ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எம்ஆர்ஐயின் சிடி, அறுவைக் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், ஐஜிஎஃப்-1 ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில் இவை போதும். இவற்றோடு அறுவை மருத்துவர், எண்டோகிரைனாலஜிஸ்ட், கதிர்வீச்சு மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் இரண்டாவது கருத்து கேளுங்கள். அப்படிக் கேட்பதற்காக எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டாலும் நீங்கள் கேளுங்கள்.

கடைசியாக, ஓரத்தில் எழுதியிருந்தது. வளர்ந்த எலும்பு திரும்பச் சுருங்காது. செருப்பு அளவும் தாடையும் பெரும்பாலும் இப்படியேதான் இருக்கும். ஆனால் உங்கள் விரல் தடிப்பில் ஒரு பகுதி எலும்பு அல்ல, தோலும் அதற்கடியில் உள்ள மென்திசுவும் தடித்து நீர் தேங்கியது. ஐஜிஎஃப்-1 இறங்க இறங்க அது வடியும். அறுவை முடிந்த சில வாரத்தில் மோதிரம் கொஞ்சம் தளர்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் இது. இப்போதைக்குப் பெரிய வளையம் வைத்த கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேலையை நிறுத்தாதீர்கள். புது மெட்டியை மட்டும் அளவெடுத்துச் செய்யச் சொல்லாமல், திறந்து மூடி அளவு மாற்றக்கூடியதாகக் கேட்டு வாங்குங்கள்.